ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?

நீட் ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் என்று எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "மார்க் பத்தலைங்க. வேற ஏதாச்சும் பாராமெடிக்கல்ல சேத்திடலாம்னு இருக்கறமுங்க." கேட்கிறவரும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரியே, "பரவால்லீங்க, அதும் ஆஸ்பத்திரி வேலைதானுங்களே" என்பார். பக்கத்தில் அந்தப் பெண்ணோ பையனோ தலையைக் குனிந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் அந்த "ஏதாச்சும்" மேல்தான்.

அந்த "ஏதாச்சும்" பட்டியலில் பிசியோதெரபி இருக்கிறது, ரேடியாலஜி இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. பி.ஆப்டம் என்கிற ஆப்டோமெட்ரியும் இருக்கிறது. நான் பேசப்போவது இந்தக் கடைசிப் படிப்பைப் பற்றி. இதில் சேர என்ன பரீட்சை வைக்கலாம், யாரைச் சேர்க்கலாம் என்று டெல்லியில் யோசிக்கிறார்கள். யோசனை போகிற திசை சரியில்லை. நான் சொல்ல வருவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் நிற்கிற வரிசையின் வாலில் இருந்து, நம் கண்ணை அளக்கிறவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவருக்கென்று தனி வரிசை வேண்டும். அது எப்படிப்பட்ட வரிசை என்பதுதான் கேள்வி.

யார் இவர்?

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் கண்ணுக்கு டார்ச் அடிக்கிற எல்லாரையும் "கண் டாக்டர்" என்றுதான் சொல்கிறோம். உண்மையில் நாலு வேறு வேறு ஆட்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண் மருத்துவம் படித்து, புரை எடுப்பவர் கண் மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பார்வைப் பரிசோதனை செய்பவர் கண் மருத்துவ உதவியாளர்; அவர் படித்தது 2 வருட டிப்ளமோ. எழுதிக்கொடுத்த அளவுக்குக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தித் தருகிறவர் ஆப்டீசியன். இவர்களுக்கு நடுவில் இருப்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். பயிற்சிக்காலத்தையும் சேர்த்து 4 வருடப் பட்டப்படிப்பு. பார்வையை அளப்பது, கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் பவர் எழுதுவது, குழந்தையின் மாறுகண்ணைக் கண்டுபிடிப்பது, பார்வை பெரும்பகுதி போனவர்களுக்கு மிச்சப் பார்வையை வைத்துப் படிக்கக் கருவி தருவது, கண்ணில் நீர் அழுத்தமோ சர்க்கரையின் பாதிப்போ தெரிந்தால் நேரத்தோடு மருத்துவரிடம் அனுப்புவது எல்லாம் அவர் வேலை.

இந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் நீண்ட கதை இருக்கிறது. 1978இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 1985இல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியை ஆரம்பித்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சூலூரில் ஒரு பெண் "நான் ஆப்டோமெட்ரி படிக்கிறேன்" என்றால், "கண்ணாடிக் கடை வைக்கறதுக்கா கண்ணு?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த அலட்சியத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பார்வை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இனிமேலாவது சரிசெய்யக்கூடியது. அந்த 100 கோடியில் பெரும்பங்கு, 82.6 கோடி, வெறும் வெள்ளெழுத்து. நாற்பது வயது தாண்டினால் எல்லாருக்கும் வருகிற அதே வெள்ளெழுத்துதான். மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். சரியான கண்ணாடி போதும்.

போதும் என்றால் எவ்வளவு போதும்? அசாமில் நாற்பது வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு உடனே கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிட்டால் 21.7 சதவீதம் கூடுதலாக ஏறியது. வங்கதேசத்தில் இதே மாதிரி ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. அங்கே 8 மாதத்தில் கண்ணாடி போட்டவர்களின் வருமானம் 33.4 சதவீதம் அதிகமாக இருந்தது.

தேயிலைக்கே இப்படி என்றால் தறிக்கு எப்படி இருக்கும்? சோமனூரில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறவருக்கு? திருப்பூர் பனியன் கம்பெனியில் டியூப் லைட்டுக்குக் கீழே துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் அக்காவுக்கு? நாற்பத்தஞ்சு வயதில் "கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்லீங்" என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களை எங்கள் பக்கம் தெருவுக்கு ரெண்டு பேர் காட்டலாம். அவர்கள் கண்ணுக்கு எந்த நோயும் வந்திருக்காது. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. தலைக்கு மேல் தேஜஸ் பறக்கிறது. அதை ஓட்டுகிறவரின் கண்ணை வருடா வருடம் அளக்கிறார்கள், அளக்கத்தான் வேண்டும். தளத்தின் சுவருக்கு இந்தப் பக்கம் தறி ஓட்டுகிறவரின் கண்ணை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட யாரும் அளப்பதில்லை.

வாசலில் யார் நிற்கிறார்கள்?

இப்போது சேர்க்கை எப்படி நடக்கிறது? தமிழ்நாட்டில் பி.ஆப்டம் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நர்சிங், பார்மசி, பிசியோதெரபியோடு சேர்த்து இதற்கும் கவுன்சலிங் நடத்துகிறது. டெல்லி எய்ம்ஸ் தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைக் கேட்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் வழி.

2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேசிய இணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம். பேரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், இதில் நல்லதும் இருக்கிறது. அதுவரை இந்த நாட்டில் ஆப்டோமெட்ரிஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஒரு ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்து, அது அச்சடித்துத் தருகிற சீட்டைப் பார்த்துப் பவர் எழுதிக் கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. டாக்டருக்கும் நர்சுக்கும் கவுன்சில் இருந்தது, இவர்களுக்கு இல்லை. இந்தச் சட்டம் முதல்முறையாகப் பதிவேடு வேண்டும், இத்தனை மணி நேரப் படிப்பு வேண்டும் என்றது. 2 முதல் 4 வருடத்தில் 2,000 மணி நேரம் படித்தவர் ஒரு வகை. 3 முதல் 6 வருடத்தில் 3,600 மணி நேரம் படித்தவர் இன்னொரு வகை. இது வரவேற்க வேண்டிய விஷயம். வரவேற்கிறேன்.

ஆனால் அதே சட்டம், ஆணையத்தின் வேலைகளைப் பட்டியல் போடும் இடத்தில், நாடு முழுக்க ஒரே மாதிரி நுழைவுத் தேர்வும் பொதுக் கவுன்சலிங்கும் என்று ஒரு வரியையும் சேர்த்துவைத்திருக்கிறது. அந்த ஒரு வரிதான் எனக்குப் பயம். "ஒரே மாதிரி நுழைவுத் தேர்வு" என்றதும் நம் நாட்டு அதிகாரிகளுக்கு நினைவுக்கு வருவது என்ன? புதிதாக ஒரு தேர்வை உருவாக்குவார்கள் என்று நினைக்கிறீர்களா? இருக்கவே இருக்கிறது நீட். லட்சக்கணக்கான பேர் ஏற்கெனவே எழுதுகிறார்கள், ரேங்க் பட்டியல் ரெடியாக இருக்கிறது, மேலே இருந்து வெட்டிக்கொண்டே வந்தால் வேலை முடிந்தது. ஜிப்மர் ஏற்கெனவே காட்டிய வழி அதுதான்.

அப்படி வெட்டினால் என்ன ஆகும்? முதலில் எம்.பி.பி.எஸ். அடுத்து பல் மருத்துவம். அடுத்து சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி. அதற்கும் கீழே இவர்கள். இன்றைக்கு "ஏதாச்சும்" என்பது அப்பா அம்மாவின் வாயில் இருக்கிற சொல். நாளைக்கு அது அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த ரேங்க் பட்டியலாகிவிடும். ஆப்டோமெட்ரியைத் தானாக விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணும், மூன்று முறை நீட் எழுதி ஓய்ந்துபோய் வந்தவரும் அதே வரிசையில் நிற்பார்கள். ஓய்ந்துபோனவருக்கு மார்க் கூட இருக்கும், ஏனென்றால் அவர் மூன்று வருடம் கோச்சிங் போயிருக்கிறார். இடம் அவருக்கு. சேர்ந்த பிறகும் அவர் மனசு அடுத்த வருட நீட்டில்தான் இருக்கும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் அந்த இடம் நாலு வருடத்துக்கும் காலி.

அந்தத் தேர்வு எதைக் கேட்கிறது, இந்த வேலை எதைக் கேட்கிறது

நீட் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அந்த 45 இயற்பியல் கேள்விகளில் ஒளியியல் கைவிரலில் எண்ணிவிடுகிற அளவுதான் வரும். கண்ணை அளக்கப் போகிறவருக்கு வாழ்க்கை முழுவதும் சோறு போடப்போகும் பாடத்தை மொத்தமாக சாய்ஸில் விட்டுவிட்டுக்கூட நல்ல ரேங்க் எடுக்கலாம்.

இப்போது வேலையைப் பாருங்கள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் சோதனைச் சட்டம். ஆப்டோமெட்ரிஸ்ட் முதலில் ரெட்டினோஸ்கோப்பால் கண்ணுக்குள் வெளிச்சத்தை அசைத்து, விழித்திரையில் இருந்து திரும்பி வருகிற ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து ஒரு கணக்குக்கு வருகிறார். அதோடு முடிவதில்லை. அடுத்துதான் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கேள்வி: "இப்பத் தெளிவா இருக்குங்களா, இதுல தெளிவா இருக்குங்களா? ஒண்ணா, ரெண்டா?"

இந்தக் கேள்விக்கு மனிதர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள் தெரியுமா? "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது." "நீங்க சொன்னா சரிங்க." "மொதல்ல வெச்சதையே மறுக்கா வைங்க." படிக்கத் தெரியாத அம்மிணி ஒருவர், தப்பாகச் சொன்னால் திட்டுவார்களோ என்று பயந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் "தெரியுதுங்" என்று தலையாட்டுவார். ஐந்து வயதுப் பையன் அம்மா முகத்தைப் பார்த்தே பதில் சொல்வான். இவர்களிடமிருந்து உண்மையை வாங்க வேண்டும். மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். கேட்கும்போது குரலில் சலிப்புத் தெரியக் கூடாது. அவர் பேசுகிற தமிழில் கேட்க வேண்டும். எழுத்து தெரியாதவர் என்று கண்டுகொண்டால், அவருக்கு வெட்கம் வராத மாதிரி, திசையைக் காட்டச் சொல்கிற அட்டைக்கு மாற வேண்டும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது: "என்ன வேலைங்க பாக்கறீங்க?"

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எழுதும்போது வழக்கமாக 40 சென்டிமீட்டர் தூரத்தை வைத்துக்கொள்வார்கள். புத்தகம் படிக்கிற தூரம். அந்தத் தூரத்துக்குக் கண்ணுக்குத் தேவையான குவிப்பு 2.5 டையாப்டர், ஒன்றை 0.4 மீட்டரால் வகுத்தால் வருவது. ஆனால் தறியில் நிற்கிறவர் இழையைப் பார்க்கிற தூரம் 65 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதற்குத் தேவை சுமார் 1.5 டையாப்டர்தான். புத்தகத் தூரத்துக்கு எழுதிய கண்ணாடியை அவருக்குக் கொடுத்தால் செய்தித்தாள் பளிச்சென்று தெரியும், தறி மங்கலாகத் தெரியும். அவர் ரெண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணாடி ஒத்துக்கலீங்க" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவார். அளந்தவர் கணக்கில் தப்பு இல்லை. அவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. 180 கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரைத் தேடுகிற தேர்வு, ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிக்கும்?

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. லென்ஸ் சமன்பாடு தெரியாத ஆப்டோமெட்ரிஸ்ட் ஆபத்தானவர். ஆனால் அந்தக் கணக்கு நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை எல்லாம் வரும். வெள்ளெழுத்தும் வரும், ஆனால் "விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு" என்ற பேரில். அதை மனப்பாடம் செய்து ரெண்டு மார்க் வாங்கிய பிள்ளைக்கு, தன் வீட்டு ஆத்தா ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தன்னைக் கூப்பிடுவதும் இதுதான் என்று யாரும் சொல்வதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானே, அவனுக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம் என்று பாடம் நடத்துகிறவருக்கே தோன்றுவதில்லை. காப்பியடிக்கிறான் என்று அடிதான் விழும். 2009இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி கொடுக்கிறது. நல்ல திட்டம். அதைச் செய்து முடிக்கப் போதுமான ஆட்கள் வேண்டும், அந்த ஆட்களுக்கு வேலை மேல் பிடிப்பு வேண்டும்.

"பிளஸ் டூ மார்க் மட்டும் யோக்கியமா?"

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே கேட்பார், கேட்கத்தான் வேண்டும். "நீட் வேண்டாம்னா பிளஸ் டூ மார்க்கா? அது மட்டும் மனப்பாடம் இல்லீங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கொங்கு நாட்டுக்காரன். கோச்சிங் சென்டர் தெருவுக்குத் தெரு முளைப்பதற்கு முன்பே மார்க் தொழிற்சாலையைக் கண்டுபிடித்த மண் இது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர்களில் பிள்ளைகளையும் பிராய்லர் மாதிரி வளர்க்கிறார்கள் என்று நாமே சொல்லிச் சிரித்தோம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே தாண்டி, ரெண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பழைய பழக்கம் திரும்பி வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு என்பது சூலூர் அரசுப் பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கு அவள் வாத்தியார் நடத்திய பாடம், அவள் கையில் அரசு கொடுத்த புத்தகம், அவள் படித்த மொழி. நீட்டையும் தமிழில் எழுதலாம் என்பார்கள். எழுதலாம், 13 மொழியில் ஒன்றாகத் தமிழும் இருக்கிறது. கோச்சிங் எந்த மொழியில் நடக்கிறது? சூலூரிலிருந்து திருச்சி ரோட்டில் பஸ் பிடித்து, சிங்காநல்லூர் தாண்டி, டவுனுக்குள் இருக்கிற பயிற்சி மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பஸ் செலவு, ஃபீஸ், மெட்டீரியல், வருடக்கணக்கில் சம்பாதிக்காமல் இருப்பது எல்லாம் சேர்த்து ஒரு தறிக்கூலி வீடு தாங்குமா? டாக்டர் சீட்டுக்காகக் கடன் வாங்குகிற குடும்பம்கூட ஆப்டோமெட்ரி சீட்டுக்காக வாங்காது. ஆகவே நீட் வந்தால் அந்தப் பெண் விண்ணப்பமே போட மாட்டாள். அவள் எந்தப் பட்டியலிலும் தோற்றவளாக வரமாட்டாள் என்பதால் அந்த இழப்பு யார் கண்ணிலும் படாது.

தமிழ்நாடு இதையெல்லாம் ஒருமுறை பார்த்து முடித்த மாநிலம். 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் நடத்திப் பார்த்தோம். டவுன் பிள்ளைகளும் காசு இருக்கிற பிள்ளைகளும்தான் முன்னால் போகிறார்கள் என்று தெரிந்து, ஆனந்தகிருஷ்ணன் குழுவை வைத்து ஆராய்ந்து, 2006இல் சட்டம் போட்டு எடுத்தோம். 2017இல் அரியலூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட்டால் டாக்டர் ஆக முடியாமல் செத்துப்போனார். அந்தக் கதவை இப்போது மருத்துவத்துக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு படிப்புக்கும் பொருத்தப் பார்க்கிறார்கள்.

"அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிக்கு நுழைவுத் தேர்வு இருக்கே" என்று கேட்கிறவர்களும் உண்டு. இருக்கிறது. ஓ.ஏ.டி. என்று பேர். 230 கேள்விகள். அதில் இயற்பியலுக்கு 40 கேள்வி, ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு 50 கேள்வி. அங்கே அது பட்டம் முடித்தவர்கள் 4 வருட முனைவர் நிலைப் படிப்பில் சேர எழுதுவது. முக்கியமான விஷயம், அது ஆப்டோமெட்ரிக்கென்றே நடக்கிற தேர்வு. டாக்டர் சீட்டுக்கு அங்கே வேறு தேர்வு. ஓ.ஏ.டி. எழுதுகிறவர் கண்ணைத்தான் படிக்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுதுகிறார். பரீட்சையே கூடாது என்பது என் வாதம் இல்லை. அடுத்தவன் பரீட்சையின் மிச்சத்தை எங்களுக்குப் பரிமாறாதீர்கள் என்பதுதான் வாதம்.

பரீட்சை இல்லாமல் எடுத்த ஆட்கள்

ஓர் எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1997இலிருந்து கோவை அவிநாசி ரோட்டில் இருக்கிறது. அந்த மருத்துவமனை நிற்பது கிராமத்துப் பெண்களின் தோளில். பிளஸ் டூ முடித்த பெண்களை நேரில் பார்த்துப் பேசி எடுத்து, 2 வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வையை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள்தான். உலகமே வந்து படித்துவிட்டுப் போகிற முறை அது. அந்தப் பெண்களை எந்த நீட்டும் தேர்ந்தெடுக்கவில்லை.

இதை நான் புகழ்வதற்காக மட்டும் சொல்லவில்லை. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கண்களை அளந்து கை பழகிய பெண்ணிடம் பட்டம் இல்லை. பட்டம் இல்லாத திறமைக்கு வெளியே பேரம் பேசும் வலு கிடையாது. "பொம்பளப்புள்ளைக்கு ஏத்த வேலை, கண்ணாலத்துக்கு முன்னால ரெண்டு வருசம் போகட்டும்" என்று அனுப்புகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அவள் மேலே படிக்க வேண்டும் என்று நினைத்தால் வழி என்ன? பத்து வருடம் கண்ணை அளந்தவள், இருபத்தெட்டு வயதில், விலங்குலகத்தின் வகைப்பாட்டை உருப்போட்டு நீட் எழுத வேண்டுமா? புதுச் சட்டம் 2,000 மணி நேரக்காரர், 3,600 மணி நேரக்காரர் என்று ரெண்டு மாடி கட்டியிருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் படிக்கட்டு வேண்டும். அதன் வாசலில் நீட்டை நிறுத்தினால் கீழ்மாடிக்காரர் சாகும்வரை கீழ்மாடிதான்.

என்ன கேட்கிறேன்?

பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று, ஆப்டோமெட்ரி சேர்க்கையை நீட் பட்டியலோடு கட்டாதீர்கள். மாநிலம் இன்றைக்குச் செய்கிறபடி பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்ப்பது குறைகள் உள்ள முறைதான், ஆனால் அந்தக் குறைகளைப் பள்ளிக்கூடத்திலேயே சரிசெய்யலாம். கோச்சிங் சென்டரை யாரால் சரிசெய்ய முடியும்?

இரண்டு, தேர்வு வைத்தே தீருவோம் என்றால் இந்தத் தொழிலுக்கென்று வையுங்கள். ஒளியியல் இருக்கட்டும், கணக்கு இருக்கட்டும். கூடவே ஒரு நேர்முகம். சொந்த மொழியில், ஒரு வயசான மனிதரிடம் பத்து நிமிடம் பேசி, அவருக்கு எது தெரியவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். நேர்முகத்தில் சிபாரிசு நுழையும், சாதி பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் அதைத் தேறினார், தேறவில்லை என்பதோடு நிறுத்துங்கள்; ரேங்க்கை அது முடிவு செய்ய வேண்டாம்.

மூன்று, டிப்ளமோ முடித்து வேலை பார்க்கிறவர்களுக்குப் பட்டப்படிப்பில் தனி இடம் ஒதுக்குங்கள். அவர்கள் அளந்த கண்களை மதிப்பெண்ணாகக் கணக்கில் எடுங்கள்.

நான்கு, வேலை. தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பட்டம் படித்த ஆப்டோமெட்ரிஸ்டுக்கு ஒரு பணியிடம் இருக்கட்டும். படித்து முடித்தவர் கண்ணாடிக் கடையில் இன்றைக்கு எத்தனை ஃப்ரேம் விற்றாய் என்று கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், எந்தத் தேர்வு வைத்து எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

இதைப் படிக்கிற நீங்கள் ஒருவேளை பதினேழு வயதில், இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். சேருவதற்கு முன் ஏதாவது ஒரு கண் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். யார் வருகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். பிடித்திருந்தால் இயற்பியல் புத்தகத்தில் கதிர் ஒளியியலை உங்கள் சொந்தப் பாடமாக எடுத்துப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு எதையாவது படியுங்கள், ஒரு தப்பும் இல்லை. வீட்டில் "ஏதாச்சும்" என்றார்கள் என்பதற்காக மட்டும் இங்கே வராதீர்கள். உங்கள் நாலு வருடம் ஒரு பக்கம். நீங்கள் அரைமனதாக அளந்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஷிப்டில் தறிக்கு நடுவே நடக்கப் போகிறவர் இன்னொரு பக்கம்.

டெல்லியில் விதி எழுதுகிறவர்களுக்கும் அதே கேள்வியைத்தான் வைக்கிறேன். ஒண்ணாவது கண்ணாடி: ஒரே நாடு, ஒரே தேர்வு, ஒரே பட்டியல், கண்ணைப் பார்க்கிறவர் அதன் அடியில். ரெண்டாவது கண்ணாடி: இந்தத் தொழிலுக்கு இதற்கான ஆள், அவர் வருவதற்கு அவர் ஊரிலிருந்தே ஒரு வழி. மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், அவசரம் இல்லை. எதில் சோமனூர்த் தறிக்காரர் தெரிகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.